இரண்டு ஏரிகளும் ஆறு உறுப்பினர்களும்

வேல்ஸ் நாட்டின் புதிய தேர்தல் வரைபடத்தில் என் கண் முதலில் சென்று நின்றது குவினெத் மால்ட்வின் என்ற தொகுதியில். மேற்கே ஐரிஷ் கடலுக்குள் விரலைப் போல் நீண்டு கிடக்கிறது லீன் தீபகற்பம். கிழக்கே இங்கிலாந்தின் எல்லை. நடுவே மலைகளும், மனிதரைவிட ஆடுகள் மிகுந்த மேய்ச்சல் வெளிகளும். இத்தனை பெரிய நிலத்தை ஒரே தொகுதி என்று சொல்ல மனம் சற்றுத் தயங்கவே செய்கிறது.

இது உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேல்ஸின் சட்டப்பேரவை 1999இல் 60 உறுப்பினர்களுடன் தொடங்கியது. 2020இல் செனெத், அதாவது பாராளுமன்றம், என்ற பெயரைப் பெற்றது. 2024இன் சட்டம் உறுப்பினர் எண்ணிக்கையை 96 ஆக உயர்த்தியது. வெஸ்ட்மின்ஸ்டருக்கு வேல்ஸ் அனுப்பும் 32 உறுப்பினர்களின் தொகுதிகளை இரண்டிரண்டாகப் பிணைத்து 16 தொகுதிகள் ஆக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு உறுப்பினர்கள். 2026 மே 7ஆம் தேதித் தேர்தலுக்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. அப்படிப் பிணைக்கப்பட்ட ஓர் இணைதான் துய்வோர் மெய்ரியோனித் தொகுதியும் மாண்ட்கோமரிஷயர்-க்ளின்டூர் தொகுதியும்.

இந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. 2021இன் மக்கள்தொகைக் கணக்கின்படி குவினெத் மாவட்டத்தில் வெல்ஷ் மொழி பேசுவோர் 64.4 விழுக்காடு. மாண்ட்கோமரிஷயரை உள்ளடக்கிய போவிஸ் மாவட்டத்தில் 16.4 விழுக்காடு. ஒருபுறம் கடைத்தெருவின் மொழியே வெல்ஷ். மறுபுறம் அது பெரும்பாலும் பெயர்ப்பலகையில் வாழ்கிறது. புதிய தொகுதிகள் பதினாறுக்கும் வெல்ஷ் மொழியில் மட்டுமே பெயர் சூட்டினார்கள். ஆனால் மால்ட்வின் என்பதே பால்ட்வின் என்ற நார்மானியனின் பெயர் வெல்ஷ் நாவில் உருண்டு வந்த வடிவம். ஆக்கிரமித்தவனின் பெயர் நிலைத்துவிட்டது. அதே இணைப்பில் க்ளின்டூரின் பெயர் உதிர்ந்துபோனது. வரலாறு இப்படிப்பட்ட குறும்புகளை அவ்வப்போது செய்யும்.

உதிர்ந்த அந்தப் பெயருக்குரியவர் ஒவைன் க்ளின்டூர். 1400இல் ஆங்கில அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, 1404இல் மக்கன்லெத் ஊரில் பாராளுமன்றம் ஒன்றைக் கூட்டியவர். மறு ஆண்டு ஹார்லெக்கில் இன்னொன்று. ஹார்லெக் கூட்டத்துக்கு வேல்ஸின் ஒவ்வொரு சிறு நிர்வாகப் பிரிவிலிருந்தும் நான்கு பேரை வரச்சொன்னார் என்பது அக்காலக் கடிதம் ஒன்று தரும் செய்தி. பல உறுப்பினர் தொகுதி என்ற எண்ணத்துக்கு அறுநூறு ஆண்டு வயது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். மக்கன்லெத், ஹார்லெக் இரண்டும் இந்தப் புதிய தொகுதிக்குள்ளேயே வருகின்றன. அதற்கும் முன்னால், 1267இல், குவினெத்தின் இளவரசர் லுவெலினை வேல்ஸின் இளவரசர் என்று மூன்றாம் ஹென்றி ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை கையெழுத்தானதும் மாண்ட்கோமரிக்கு அருகில் ஓர் ஆற்றுத்துறையில்தான். குவினெத்தும் மால்ட்வினும் முதன்முறையாக ஒரு வரியில் எழுதப்படவில்லை.

ஆனால் என்னை இந்த வரைபடத்தின்மீது குனிய வைத்தவை கோட்டைகள் அல்ல. இரண்டு நீலப் புள்ளிகள்.

முதலாவது மாண்ட்கோமரிஷயரின் வெர்னுவி ஏரி. 1880களில் லிவர்பூல் நகராட்சி தன் குடிநீருக்காகக் கட்டிய பெரும் கல்லணையின் தேக்கம் அது. லான்வுதின் என்ற கிராமம் அதன் அடியில் போனது. தேவாலயமும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் மூழ்கின. இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் புதிய தேவாலயத்தருகே மறுபடி புதைத்தார்கள். பெரிய எதிர்ப்பு எழவில்லை.

இரண்டாவது, மலைகளுக்கு வடமேற்கே, பாலா ஊரை அடுத்த ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருக்கும் கெலின் ஏரி. அதே லிவர்பூல், அதே தாகம், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு. இம்முறை காப்பெல் கெலின் என்ற ஊர் குறிவைக்கப்பட்டது. ஏறக்குறைய முழுவதும் வெல்ஷ் பேசிய சிற்றூர். பள்ளி, அஞ்சலகம், வழிபாட்டு இல்லம், சில பண்ணைகள், அவ்வளவே. 1956 நவம்பரில் ஊர்மக்கள் குழந்தைகளோடு லிவர்பூலின் தெருக்களில் பதாகை ஏந்தி நடந்தார்கள். பயனில்லை. உள்ளூர் மன்றங்களின் அனுமதியே தேவைப்படாதபடி நகராட்சி நேராக வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒரு தனி மசோதாவைக் கொண்டுசென்றது. 1957இல் அது சட்டமானது. அப்போது வேல்ஸிலிருந்து 36 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. மெய்ரியோனித்தின் உறுப்பினர் டி. டபிள்யூ. ஜோன்ஸும் எதிர்த்தார். எண்ணிக்கையில் அவர்கள் கடலில் கரைத்த உப்பு. 48 பேர் வீடிழந்தார்கள். 1965 அக்டோபரில் நடந்த திறப்பு விழா, எதிர்ப்பாளர்களின் கூச்சலில் சில நிமிடங்களில் முடிந்துபோனது. லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லான்வுதின் மூழ்கியபோது நேர்ந்தது ஓர் ஊரின் துயரம். காப்பெல் கெலின் மூழ்கியபோது அது ஒரு தேசத்தின் கேள்வியாக மாறியது என்று நினைக்கிறேன். இடையில் மொழி பற்றிய பதற்றம் வளர்ந்திருந்தது. 1936இல் லீன் தீபகற்பத்துப் பெனபெர்த்தில் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்துக்குத் தீ வைத்துச் சிறை சென்ற மூவரில் ஒருவர் நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ், இன்னொருவர் சிறுகதை எழுத்தாளர் டி. ஜே. வில்லியம்ஸ். அந்த இடமும் இத்தொகுதிக்குள்தான். மால்ட்வினின் மனாவனில் 1942 முதல் 1954 வரையும், லீன் முனையிலுள்ள அபர்டாரனில் 1967 முதல் 1978 வரையும் பாதிரியாராக இருந்தவர் ஆங்கிலக் கவிஞர் ஆர். எஸ். தாமஸ். தொகுதியின் இரு கோடிகளையும் ஒரே வாழ்க்கையில் அளந்தவர். நீர்த்தேக்கங்களைப் பற்றி அவர் கசப்பு மிகுந்த கவிதை ஒன்று எழுதியிருக்கிறார் என்பது தற்செயல் அல்ல.

இனி, புதிய முறை மீதான ஆட்சேபத்துக்கு வருகிறேன். வாக்காளர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சியின் மூடிய பட்டியலுக்கோ சுயேச்சை ஒருவருக்கோ வாக்களிக்கிறார். பெல்ஜியச் சட்ட அறிஞர் தோந்தின் கணக்குப்படி இடங்கள் பகிரப்படுகின்றன. ஏழில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓரிடம் உறுதி. பட்டியலில் வென்ற ஒருவர் பதவி விலகினாலும் இறந்தாலும் இடைத்தேர்தல் இல்லை. பட்டியலில் அடுத்திருப்பவர் வருவார். தன் ஊர்க்காரர் என்று கதவைத் தட்ட ஒருவர் இருந்த இடத்தில் ஆறு பேர் இருப்பார்கள், ஆறு பேருமே தொலைவில் இருக்கலாம். இந்த இழப்பைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் யார் முதலில் நிற்பது என்பதைக் கட்சி அலுவலகம் தீர்மானிப்பது எந்த ஜனநாயகத்திலும் உறுத்த வேண்டிய விஷயம்.

ஆயினும் மெய்ரியோனித் தன் தனி உறுப்பினரை, ஊர் அறிந்த மனிதரை, 1957இல் வைத்திருந்தது. அவர் சரியாகவே வாக்களித்தார். ஊர் மூழ்கியது. அன்று இல்லாதிருந்தது நெருக்கம் அல்ல, அந்த வாக்கு எண்ணப்படக்கூடிய ஓர் அவை.

தொகுதியை முழுதாகக் கடக்க விரும்பும் வேட்பாளருக்கு ஒரு ரயில் பாதை இருக்கிறது. எல்லையை ஒட்டிய வெல்ஷ்பூலில் ஏறினால் நியூட்டவுன் வழியாக மக்கன்லெத். அங்கே வண்டியை இரண்டாகப் பிரிப்பார்கள். முன்பெட்டிகளா பின்பெட்டிகளா என்று விசாரித்து, அபரிஸ்ட்வித் செல்லாத பாதியில் அமர்ந்துகொள்ள வேண்டும். அது கடலோரமாக ஹார்லெக்கைக் கடந்து லீனின் வாசலான புல்ஹெலிக்குப் போகும். ஏரிகள் இரண்டும் அந்தப் பாதையிலிருந்து தெரிவதில்லை.