நேர்க்கட்டும் மூலைக்கட்டும்

சுவர்க்கடிகாரம் வந்து சேராத கல்யாண வரவேற்பு தமிழ்நாட்டில் அபூர்வம். அந்தப் பெட்டிக்குத் தாள் சுற்றித் தரும் ஃபேன்சி ஸ்டோர் பையன் எதையும் அளப்பதில்லை. கிஃப்ட் பேப்பரை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்து, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தரியை ஓட்டுகிறான். சுற்றி இழுத்து முதுகில் ஒரு டேப். இரு முனைகளிலும் காதுகளை உள்ளே தள்ளி மடித்து முனைக்கொரு டேப். பெட்டியின் ஓரத்துக்கு இணையாகத் தாளை வைத்துச் சுற்றும் இதை நேர்க்கட்டு என்று வைத்துக்கொள்வோம். தாளைத் திருப்பி, மூலை நம்மைப் பார்க்கும்படி விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, நான்கு மூலைகளையும் தூக்கி மேலே சேர்த்தால் அது மூலைக்கட்டு.

தாள் பற்றாக்குறை என்றதும் பக்கத்தில் நிற்பவர் யாராவது 'மூலைவாட்டில வச்சுப் பாருங்க' என்பார். பல நேரங்களில் பெட்டி மூடியும்விடுகிறது. அதனால் மூலைக்கட்டு தாளை மிச்சம் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. சில பெட்டிகளுக்குக் கூடுதல் செலவுதான். ஆனால் அந்த யோசனை பலிப்பதும் பொய்யில்லை.

இரண்டு கட்டுக்கும் சூத்திரம் உண்டு. நேர்க்கட்டுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்விக் டூமாஸ் 2007இல் ஒன்று சொன்னார். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டு; அதோடு மிகச் சிறிய அளவின் வர்க்கத்தைச் சேர்; மொத்தத்தை இரட்டிப்பாக்கு. வருவது தாளின் பரப்பு. பிரித்துப் பார்த்தால் இதில் மர்மம் இல்லை. தாள் ஒரு திசையில் பெட்டியை முழுச் சுற்று சுற்றிவர வேண்டும். மறு திசையில் பெட்டியின் நீளத்தோடு உயரமும் இருக்க வேண்டும், ஒவ்வொரு முனையிலும் பாதி உயரம் மேலிருந்தும் பாதி கீழிருந்தும் வந்து சந்திப்பதற்காக. ஒட்டு விழும் இடத்தில் 2 செ.மீ. மேல்மடிப்பு தனி.

மூலைக்கட்டின் சூத்திரம் லண்டனில் பணியாற்றிய கணிதவியலாளர் சாரா சான்டோஸ் பெயரில் உலவுகிறது. சதுர முகத்தின் மூலைவிட்டத்தை அளந்து, அதோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டு. அந்த அளவில் சதுரமாக வெட்டு. எனக்கு இதில் பிடித்தது அந்த ஒன்றரைதான். மிகச் சரியாகப் பார்த்தால் அங்கே இருக்க வேண்டியது 2இன் வர்க்கமூலம், அதாவது 1.414. அதை ஒன்றரை ஆக்கியதால் 6 செ.மீ. உயரப் பெட்டிக்கு அரை சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. தையற்காரர் விடும் தையல்விளிம்பு மாதிரி, கை நடுக்கத்துக்கு ஒரு இடம்.

பக்கம் 28, உயரம் 6 செ.மீ. உள்ள கடிகாரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நேர்க்கட்டுக்குச் சுற்றளவு 68, குறுக்கே 34. பரப்பு 2,312 சதுர செ.மீ. மூலைக்கட்டுக்கு, ஒன்றரையை விட்டுவிட்டுக் கறாராகக் கணக்கிட்டால், 48.1 செ.மீ. பக்கமுள்ள சதுரம். அதன் பரப்பும் அதே 2,312. தற்செயல் என்று தோன்றும்; அடிப்பக்கம் சதுரமாகவும் உயரம் பக்கத்தை மிஞ்சாமலும் உள்ள எந்தப் பெட்டியை எடுத்தாலும் இதுதான் நிலைமை. பக்கத்தையும் உயரத்தையும் கூட்டி, வர்க்கம் எடுத்து, இரட்டித்தால் இரண்டு கட்டுக்குமான பரப்பு வந்துவிடும். இன்னொரு வேடிக்கை: கூட்டுத்தொகை மட்டுமே பேசுவதால், 17 செ.மீ. கனசதுரப் பெட்டிக்கும் இதே தாள்தான் வேண்டும். இரண்டிலும் கூட்டுத்தொகை 34.

தாள் வீணாகும் இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நேர்க்கட்டில் ஒவ்வொரு முனையிலும் இடமும் வலமும் தாள் உள்ளே மடங்கி இரட்டையாகக் கிடக்கிறது. உயரம் முழுநீளமும் பாதி உயரம் அகலமும் உள்ள துண்டு, மொத்தம் நான்கு. மூலைக்கட்டில், பெட்டியின் நான்கு செங்குத்து விளிம்புகளிலும் ஒரு முக்கோணம் உள்ளே ஒளிந்துகொள்கிறது; அதன் இரு பக்கங்களும் பெட்டியின் உயரம் அளவு. துண்டின் பரப்பும் முக்கோணத்தின் பரப்பும் ஒன்றே: உயர வர்க்கத்தில் பாதி. நான்கையும் கூட்டினால் இரு வழியிலும் உயர வர்க்கத்தின் இரு மடங்கு. வடிவம் வேறானாலும் காதுகளின் எடை ஒன்றுதான். கடிகாரப் பெட்டியில் இது வெறும் 72 சதுர செ.மீ., மொத்தத் தாளில் 3 விழுக்காடு. கனசதுரத்திலோ 578, சரியாகக் கால் பங்கு. உயரமான பெட்டி தாளைத் தின்பது இதனால்தான். கட்டும் முறையை மாற்றினாலும் அது தீராது.

கனசதுரத்துக்கு ஒரு கூடுதல் செய்தியும் இருக்கிறது. சதுரத் தாளால் அதை மூட வேண்டுமென்றால் தாளின் பக்கம் பெட்டியின் பக்கத்தைப் போல் ஏறக்குறைய 2.83 மடங்கு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய சதுரத்தை எப்படி மடித்தாலும் ஆகாது என்பதற்கான நிரூபணம் 2001இல் 'அமெரிக்கன் மேதமேட்டிகல் மந்த்லி' இதழில் வந்தது. நம் மூலைக்கட்டு கேட்பது அதே அளவைத்தான். ஆக, கையில் இருப்பது சதுரத் தாள் என்றால் கனசதுரத்துக்கு மூலைக்கட்டை மிஞ்ச வழியில்லை. தாள் சதுரமாக இருக்க வேண்டாம் என்றால் கதை மாறும். போதுமான நீளமுள்ள மெல்லிய நாடாவால் எந்தப் பெட்டியையும் கிட்டத்தட்ட வீணே இல்லாமல் சுற்றிவிடலாம் என்று எரிக் டிமெய்னும் உடன் ஆய்ந்தவர்களும் 2000இல் காட்டினார்கள். கணக்காக அது அழகு. கல்யாண வீட்டுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுபோனால் வாங்குபவர் உள்ளே என்ன என்று கேட்பதற்கு முன் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்.

இதுவரை சமநிலை. பட்டுப்புடவைப் பெட்டி வந்ததும் அது குலைகிறது. நீளம் 38, அகலம் 26, உயரம் 4 செ.மீ. என்று வைப்போம். நேர்க்கட்டுக்கு 60க்கு 42, பரப்பு 2,520. மூலைக்கட்டுக்கு 50.9 செ.மீ. சதுரம், பரப்பு 2,592. கூடுதல் 72. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 12. அதன் வர்க்கத்தில் பாதி 72. எந்தப் பெட்டிக்கும் இந்தத் தண்டம் இதே விதத்தில் விழும். 45க்கு 15 என்று ஒடுங்கிய பெட்டி, உயரம் 5 என்றால், நேர்க்கட்டு 2,000இல் முடிக்கும் வேலைக்கு மூலைக்கட்டு 2,450 கேட்கிறது. மேலே இரு பக்கத் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்வதே அந்த 450. சதுரப் பெட்டிக்குச் சமம், மற்ற எல்லாவற்றுக்கும் நஷ்டம்: பரப்பில் மூலைக்கட்டின் நிலை இவ்வளவுதான்.

அப்படியானால் பக்கத்தில் நின்றவரின் யோசனை எப்படிப் பலித்தது? கடையில் பரப்பு விற்பதில்லை, தாள் விற்கிறார்கள். தாளுக்கு நீளமும் அகலமும் உண்டு. வேறொரு பரிசுக்கு வெட்டியது போக 50க்கு 50 என்று ஒரு துண்டு கிடக்கிறது. பரப்பு 2,500, கடிகாரப் பெட்டிக்குத் தேவை 2,312. தாராளம். ஆனால் நேராக வைத்தால் 68 செ.மீ. சுற்றுக்கு 18 குறைகிறது, அகலத்திலோ 16 சும்மா தொங்குகிறது. அதே துண்டைத் திருப்பி வைத்தால் 48.1 போதும், பெட்டி மூடி, விளிம்பும் மிஞ்சுகிறது. மிச்சமானது ஒன்றும் இல்லை. பெட்டிக்கு வேண்டிய 2,312ஐ அந்தத் துண்டு எந்த வடிவத்தில் தர முடியுமோ அந்த வடிவத்தில் வாங்கிக்கொண்டோம். துண்டு 72க்கு 36 என்று நீட்டமாக இருந்திருந்தால் மூலைவாட்டில் வைத்தவர் தோற்றிருப்பார்.

தாள் சுருளாக வரும்போது இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் தாள் பெரும்பாலும் சுருள்தான். அகலம் 70 செ.மீ. என்றால், கடிகாரப் பெட்டியின் 68 செ.மீ. சுற்றை அந்த அகலத்திலேயே அடக்கி, மேல்மடிப்பையும் சேர்த்து, சுருளிலிருந்து 34 செ.மீ. மட்டும் வெட்டினால் போதும். மூலைக்கட்டுக்கு 48 செ.மீ.க்கு மேல் வெட்ட வேண்டும்; ஓரத்தில் 21 செ.மீ. பட்டை ஒன்று அநாதையாக விழும். பரப்பில் சமமான அதே பெட்டிக்குச் சுருளின்மேல் நேர்க்கட்டு வெளிப்படையாக வெல்கிறது.

பரப்பைத் தாண்டி மூலைக்கட்டுக்கு இருக்கும் தகுதிகளையும் சொல்ல வேண்டும். நான்கு முனைகளும் மேல்முகத்தின் நடுவில் சந்திப்பதால் ஒரே ஒரு டேப் அல்லது ஒட்டுப்பூ போதும். நேர்க்கட்டுக்குக் குறைந்தது மூன்று. பெட்டியைக் கவிழ்க்கவும் வேண்டாம். கேக்குக்கு இது பெரிய விஷயம். ஜப்பானியப் பல்பொருள் அங்காடிகளில் கேக் போன்ற கவிழ்க்கக் கூடாத பொருளுக்கு மூலைகளைத் தூக்கிக் கட்டும் முறை தனியாக உண்டு. அங்கே பெயர்பெற்றது மூன்றாவது ஒன்று: பெட்டியைத் தாளின் மூலையருகே சாய்வாக வைத்து உருட்டிக்கொண்டே போய்க் கடைசி முனையில் ஒரு டேப். தாள் கூடுதலாகப் போகும், கை வேகம் கிடைக்கும். வரிசை நீளும் கவுன்ட்டரில் அவர்கள் தாளைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள்.

அதோடு அங்கே தாளே கடையின் முகவரி. மிட்சுகோஷி அங்காடியின் வெண்தாளில் சிவப்புக் கூழாங்கல் வடிவங்கள் கொண்ட உறை 1950இல் வந்தது. வரைந்தவர் ஓவியர் இனோகுமா கெனிச்சிரோ. அதில் கடையின் பெயரை எழுதியவர், அப்போது அங்கே ஊழியராக இருந்து பிற்காலத்தில் 'அன்பன்மான்' படக்கதையால் புகழ்பெற்ற யனாசே தகாஷி. அப்படிப்பட்ட தாளைச் சிக்கனம் பார்த்து ஒடுக்குவதில் கடைக்கு லாபமில்லை.

நம் ஃபேன்சி ஸ்டோருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அங்கே கிடைக்கும் தாள் 50க்கு 70 என்றால் கடிகாரப் பெட்டி இரண்டு கட்டிலும் அடங்கும். நேர்க்கட்டில் 70க்கு 34 போய், 70க்கு 16 பட்டை ஒன்று மிஞ்சும். மூலைக்கட்டில் சான்டோஸ் கணக்குப்படி 48.6 சதுரம் போய், 50க்கு 21 துண்டு மிஞ்சும். பின்னதில் ஒரு பேனாப் பெட்டியையோ நகைப் பெட்டியையோ சுலபமாகச் சுற்றலாம். புடவைப் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்: 50.9 செ.மீ. சதுரம் அந்தத் தாளில் விழாது, நேராகவே வைக்க வேண்டும். ஹாட்பேக் வாங்கியவர்கள் முதலில் அதற்கு ஒரு அட்டைப்பெட்டி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்; உருண்டைக்கு இரண்டு கணக்கும் உதவாது.