ஒரு மதிப்புரைக்கு மூன்று மறுப்புகள்

இன்றைய வலியசாலையே பழைய காந்தளூர்ச் சாலை என்பார் பலர். அறிஞர்கள் கூடி வாதம் செய்த இடம். இங்கே குடியிருந்துகொண்டு ஒரு வாதத்தைப் பற்றி எழுதுவதில் தவறில்லை. "நயினார், நீங்க சமணர், வியாபாரி. பைபிள் விவகாரம் உங்களுக்கெதுக்கு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். ராஜா ராம்மோகன் ராயும் இதே கேள்வியைத்தான் சந்தித்தார்.

1820-இல் அவர் கல்கத்தாவில் 'இயேசுவின் உபதேசங்கள்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் அறவுரைகளை மட்டும் எடுத்து, அற்புதங்களையும் கோட்பாடுகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். செராம்பூர் பாதிரிமாரின் 'ஃபிரண்ட் ஆஃப் இந்தியா' இதழ் இதைக் கண்டித்து மதிப்புரை எழுதியது. தொகுத்தவரை 'அஞ்ஞானி' என்றும் குறித்தது. அந்தச் சொல்தான் ராயைச் சுட்டது. 'சத்தியத்தின் நண்பன்' என்ற புனைபெயரில் அதே ஆண்டு பதில் எழுதினார். ஜோஷுவா மார்ஷ்மன் விரிவாக மறுத்தார். 1821-இல் இரண்டாம் பதில், 1823-இல் மூன்றாம் பதில். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. ராய் சொந்தமாக அச்சகமே வைத்துவிட்டார்!

எபிரேயமும் கிரேக்கமும் கற்று மூலத்திலிருந்தே வாதாடினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யோவான் சுவிசேஷத்தை வங்காளியில் பெயர்க்கையில், எல்லாம் 'அவரால்' உண்டாயிற்றா, 'அவர் வழியாக' உண்டாயிற்றா என்று ஒரு கிரேக்க இடைச்சொல்லில் சிக்கல் வந்தது. வியாபாரிக்கு இது எளிதில் புரியும்: சரக்கை அனுப்பின முதலாளி வேறு, அதைக் கொண்டுவந்து சேர்த்த ஏஜெண்ட் வேறு. யேட்ஸ் பாதிரியார் உடன்படாமல் விலகினார். வில்லியம் ஆதாம் பாதிரியார் ராய் பக்கம் சாய்ந்து, 1821-இல் திரித்துவத்தையே கைவிட்டார்.

மார்ஷ்மன் பக்கமும் நியாயம் உண்டு. எங்கள் நூல்களிலிருந்து வினைக்கொள்கையை உரித்துவிட்டு அகிம்சையை மட்டும் ஒருவர் அச்சிட்டால் எனக்கும் மனசு ஒப்பாது. ஆனால் வெளியாள் தொடவே கூடாது என்பது வேறு பேச்சு. கும்பகோணத்துச் சமணரிடம் பாடம் கேட்டுத்தான் சைவரான உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எங்கள் பெரியவர்கள் கதவைச் சாத்தியிருந்தால்?

இன்னொன்று. ராய்க்கு முன்பே, 1795-இல், சென்னையில் திருவேங்கடம் என்ற வேளாளர், வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரில், திரித்துவத்தை ஏற்காத ஒரு கிறிஸ்தவ சபையைத் தொடங்கிவிட்டார். புரசைவாக்கத்தில் அதற்கு ஒரு கோயிலும் எழுந்தது. வங்காளத்து ராயைத் தெரிந்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?