பூனையின் உரோமமும் தொழுகைச் சாரனும்

என் சிறுபராயத்தில் கல்முனைப் பக்கத்தில் பூனைக்கு உரோமம் வழிக்க வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை. மீன் அரியும் இடத்தைச் சுற்றித் திரிந்தவை குட்டை உரோமப் பூனைகள். இப்போது வீட்டுக்குள்ளே பெர்சியன் வளர்க்கிறார்கள். மாரி முடிந்து வெயில் ஏறியதும் என்னிடம் கேட்கிறார்கள்: பாவம், வேகிறதே, வழித்துவிடலாமா? கூடவே இன்னொன்று: மருதமுனைச் சாரனில் ஒட்டிய உரோமத்தோடு தொழலாமா?

இரண்டாவதுதான் பழைய கேள்வி. வுழூவுக்கு வைத்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது அபூகதாதா (ரழி) பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார். வியந்து பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜிஸ் அல்ல, நம்மைச் சுற்றி வருகின்றவற்றில் ஒன்று என நபிகளார் கூறியதை எடுத்துச் சொன்னார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி உண்டு. ஆனால் அது பூனை வாய்வைத்த நீரைப் பற்றியது. உதிர்ந்த உரோமத்தில் மத்ஹபுகள் வேறுபட்டன. ஹனபிகளிடம் அது சுத்தம். நம்மூரில் வேரூன்றிய ஷாபிஈ மத்ஹபிலோ, உண்ணத்தகாத பிராணி உயிரோடிருக்கையில் அதிலிருந்து பிரிந்த உரோமம் நஜிஸ், சொற்பமானது மன்னிக்கப்படும். உடலில் இருக்கும்வரை சுத்தம், பிரிந்தால்தான் சிக்கல். அப்படியானால் சுத்தத்துக்காகப் பூனையை மழிப்பவர், தான் பயந்ததையெல்லாம் ஒரே நாளில் தன் மடியில் கொட்டிக்கொள்கிறார்! மீண்டும் முளைக்கும் கட்டை உரோமமும் உதிரத்தான் போகிறது. சாரனை உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுவது எளிது.

வெயில் பற்றிய கேள்விக்கு வேறு வரலாறு. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் காட்டுப்பூனை என 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வரண்ட நிலத்துக் குட்டை உரோமக்காரர். வெயில் அவருக்குப் புதிதல்ல. பட்டுப்போன்ற நீண்ட உரோமப் பூனைகளை ஈரானில் கண்டு 1620இல் எழுதியவர் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே. அவை குராசானுக்குரியவை என்றார். ரோமுக்குக் கொண்டுபோகவும் ஆசைப்பட்டார். ஆனால் நமது வீடுகளில் உள்ள பெர்சியனுக்குப் பெயர்தான் ஈரானுடையது. 1871இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹரிசன் வியர் பூனைக் கண்காட்சி நடத்தினார். அதன்பின் மேற்கத்தேய வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் சேர்த்து உரோமத்தை அடர்த்தியாக்கினர், மூக்கை அமுக்கினர். 2008இல் வந்த இன்னோர் ஆய்வில் பெர்சியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்ந்தது.

பூனைக்கு வியர்ப்பது பாதங்களில்தான். உடலை நக்கி ஈரமாக்கியும், வெப்பம் மிஞ்சினால் மூச்சிரைத்துமே அது தன்னைத் தணித்துக்கொள்கிறது. அமுங்கிய மூக்கோ மூச்சைத் தடுக்கிறது. உரோமத்தை வழித்தால் மூக்கு நீளுமா? போதாததற்கு, வெயில் தோலில் நேரே படாமல் மறைப்பதும் அந்த உரோமந்தான்.

நிழலும் தண்ணீரும் நாளாந்தம் சீப்பும் போதும். உரோமம் திரண்டு சடையாகித் தோலை இழுத்து வருத்தினால் மட்டும் வழிக்கத்தான் வேண்டும். அதையும் மிருக வைத்தியர் செய்யட்டும். வீட்டுக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். பூனையின் தோல் மெல்லியது, சடையை இழுத்துப் பிடித்தால் அதனோடு மேலெழுந்து வரும்.