காந்த இரும்புக் கலோரிமானி

காந்த இரும்புக் கலோரிமானி என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பிலுள்ள பொட்டிப்புரத்தில் நிறுவத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ உணர்கருவி ஆகும். இது இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் முதன்மைக் கருவியாக வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 டன் இரும்பைக் கொண்ட இது, கட்டப்படின் உலகின் மிகப்பெரிய மின்காந்தங்களுள் ஒன்றாக விளங்கும். சுற்றுச்சூழல் சார்ந்த எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் கட்டுமானம் தொடங்கவில்லை. இளங்கலை இயற்பியலின் மின்னியல், காந்தவியல் பாடத்தில் கற்கப்படும் அடிப்படை விதிகள் பலவற்றுக்கு இக்கருவி சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நோக்கம்

நியூட்ரினோக்கள் மின்னூட்டம் அற்ற துகள்கள். எனவே மின்புலமோ காந்தப்புலமோ அவற்றை விலக்குவதில்லை. காசுமிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தோன்றும் நியூட்ரினோக்களில் மிகச் சிலவே இரும்பு அணுக்கருவுடன் வினைபுரிந்து மியூவான் என்னும் மின்னூட்டமுள்ள துகளை உருவாக்குகின்றன. மியூ நியூட்ரினோ எதிர்மின் மியூவானையும், அதன் எதிர்த்துகள் நேர்மின் மியூவானையும் தருகின்றன. புவியின் ஊடாக வரும்போது இவ்விரு வகை நியூட்ரினோக்களின் அலைவும் பருப்பொருளால் வெவ்வேறு விதமாக மாறுகிறது. இவ்வேறுபாட்டை அளந்து, மூன்று நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவதே திட்டத்தின் நோக்கம்.

அமைப்பு

கருவி மூன்று பகுதிகளாக வடிவமைக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் 16 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் 14.5 மீட்டர் உயரமும் உடையது. 5.6 செ.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடுகள் ஏறத்தாழ 150 அடுக்குகளாக அமையும். தகடுகளுக்கு இடையேயுள்ள 4 செ.மீ. இடைவெளிகளில் மின்தடைத் தகட்டு உணரிகள் வைக்கப்படும். மொத்தம் ஏறத்தாழ 30,000 உணரிகள் தேவைப்படும்.

மின்காந்தவியல் அடிப்படைகள்

ஆம்பியர் விதி: தகடுகளிலுள்ள துளைகளின் வழியே செல்லும் செப்புச் சுருள்களில் மின்னோட்டம் பாயும்போது, இரும்பில் ஏறத்தாழ 1.5 தெசுலா காந்தப்புலம் தோன்றும். இரும்பின்றி, காற்றில் மட்டும் இதே புலத்தை உருவாக்க ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 12 இலட்சம் ஆம்பியர்-சுற்றுகள் தேவை. மென்னிரும்பின் காந்த உட்புகுதிறன் மிகுதியாதலால் அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆயினும் 2 தெசுலாவை ஒட்டி இரும்பு காந்தத் தெவிட்டு நிலையை அடைவதால், மின்னோட்டத்தைக் கூட்டிப் புலத்தை விரும்பியவாறு உயர்த்த இயலாது.

இலாரன்சு விசை: காந்தப்புலம் கிடைத்தளத்தில் இருக்க, மேலிருந்தோ கீழிருந்தோ வரும் மியூவான் பக்கவாட்டில் வளையும். நேர்மின் துகளும் எதிர்மின் துகளும் எதிரெதிர்த் திசைகளில் வளைவதால் அவற்றைப் பிரித்தறியலாம். காந்த விசை திசைவேகத்துக்குச் செங்குத்தாகச் செயல்படுவதால் அது வேலை எதுவும் செய்வதில்லை; துகளின் திசை மட்டுமே மாறுகிறது. வளைவின் அளவு பின்வருமாறு:

ஆரம் = உந்தம் ÷ (மின்னூட்டம் × காந்தப்புலம்)

1.5 தெசுலா புலத்தில், ஒளிவேக அலகில் 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தமுள்ள மியூவானின் ஆரம் ஏறத்தாழ 2.2 மீட்டர். உந்தம் பத்து மடங்கானால் ஆரம் 22 மீட்டராகும். இரும்பை அயனியாக்குவதால் ஒவ்வொரு தகட்டிலும் மியூவான் சுமார் 60 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை இழக்கிறது. எனவே பாதை சரியான வட்டமாக அமையாமல், போகப்போக ஆரம் குறுகும்.

மின்புலம்: உணரியில் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 2 மி.மீ. வளிம இடைவெளி உண்டு. அதற்குக் குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ட் அளிக்கப்படும்போது மின்புலச்செறிவு மீட்டருக்கு 50 இலட்சம் வோல்ட் ஆகும். மியூவான் விடுவிக்கும் எலக்ட்ரான்கள் இப்புலத்தில் பெருகி, வெளியேயுள்ள செப்புப் பட்டைகளில் மின்துடிப்பைத் தூண்டுகின்றன. கண்ணாடியின் மின்தடை மிகுதியாதலால் மின்னிறக்கம் சிறு பரப்புக்குள் அடங்கிவிடுகிறது.

மாதிரிக் கருவி

85 டன் எடையுள்ள சிறிய மாதிரி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டு 2018 இல் இயங்கத் தொடங்கியது. இதில் 4 மீட்டர் நீள அகலமுள்ள 11 இரும்பு அடுக்குகள் உள்ளன. காசுமிக் கதிர் மியூவான்களின் பாதைகள் இதில் பதிவாயின. காந்தப்புலம் ஆல் உணரிகளாலும் தேடு சுருள்களாலும் அளக்கப்பட்டது. மின்னோட்டம் மாறும்போது தேடு சுருளில் தோன்றும் மின்னியக்கு விசையிலிருந்து புலத்தைக் கணிப்பது பாரடே விதியின் நேரடிப் பயன்பாடாகும்.

இடத்தேர்வும் எதிர்ப்பும்

முதலில் நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா தெரிவு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அண்மை காரணமாக 2009 இல் அவ்விடம் மறுக்கப்பட்டது. பின்னர் பொட்டிப்புரத்தின் மலை தெரிவானது. காசுமிக் கதிர்களைத் தடுக்க எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ 1 கி.மீ. பாறை தேவை என்பதால், சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை திட்டமிடப்பட்டது. 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்தது.

பாறை வெடிப்பு, நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுயிர்கள் ஆகியவை குறித்து உள்ளூர் மக்களும் சூழலியலாளரும் அரசியல் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கதிரியக்கம் பற்றிய அச்சமும் எழுந்தது. ஆய்வகம் அளக்கவிருப்பது இயற்கையாகவே எங்கும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோக்களையே என்று அறிவியலாளர் விளக்கினர். எனினும் சுரங்கம் அகழ்வதால் மலைக்கு நேரும் பாதிப்பு தனிக் கேள்வியாகவே தொடர்ந்தது.

மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கி.மீ. தொலைவுக்குள் அமைந்திருப்பதால், 2017 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதனை ஏற்ற தீர்ப்பாயம், தேசியக் காட்டுயிர் வாரியத்தின் இசைவும் தேவை எனக் கூறியது. 2022 இல் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடம் பாதிக்கப்படும் என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துத் திட்டத்தை எதிர்த்தது. இதற்கிடையே, நிறை வரிசையை அறியும் நோக்குடைய சீனாவின் சூனோ உணர்கருவி 2025 இல் செயல்படத் தொடங்கியது. அது காந்தப்புலத்தைப் பயன்படுத்தாமல் நீர்ம மினுக்கியைப் பயன்படுத்துகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* இலாரன்சு விசை
* நியூட்ரினோ அலைவு
* கோலார் தங்கவயல்
* மேகமலை