கல்ராடியாவும் நம்ம திருச்சியும்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று நீங்கள் கேலி பேசுவது எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் நாலு நாளாக ஒரு கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்க்கிறேன். பெயர் ‘மவுண்ட் அண்ட் பிளேடு: பேனர்லார்ட்’. துருக்கியின் அங்காராவில் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கிய டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் செய்தது. இந்த வரிசையில் முதல் ஆட்டம் 2008-ல் வந்தது. பேரன் விளையாடுவது 2020-ல் முன்னோட்டமாக வந்து, 2022-ல் முழுமையாக வெளியானது. உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

நடக்கும் இடம் கல்ராடியா என்ற கற்பனைக் கண்டம். ரோமப் பேரரசு சிதறியதை மனதில் வைத்து அமைத்திருக்கிறார்கள். பேரரசன் கொல்லப்பட்டுவிட்டான். மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். சுற்றியுள்ள ராஜ்யங்கள் கிடைத்த வரைக்கும் பிடுங்கப் பார்க்கின்றன. ஆட்டக்காரர் கையில் முதலில் குதிரையும் வாளும் கொஞ்சம் காசும்தான். பிறகு அவர் இஷ்டம். வியாபாரம் செய்யலாம், கொள்ளையரைப் பிடிக்கலாம், ஒரு ராஜாவிடம் கூலிப்படைத் தலைவனாகச் சேரலாம், கடைசியில் தானே ராஜ்யம் அமைக்கலாம். இப்படித்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சண்டைக் காட்சி பயங்கரம்தான். மவுஸை எந்தப் பக்கம் அசைக்கிறோமோ அந்தப் பக்கமிருந்து வாள் வீச்சு வருகிறது. குதிரையின் வேகமும் ஈட்டிக் குத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது சண்டை இல்லை, வரவு செலவுக் கணக்கு. ஆள் சேர்த்தால் தினச் சம்பளம் கொடுக்க வேண்டும். தானியம் தீர்ந்தால் படை சோர்ந்துவிடும், பிறகு ஓடியும் போகும். கோட்டையைப் பிடிக்க ஏறிச் சண்டை போடலாம், அல்லது சுற்றி உட்கார்ந்து உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போடலாம். சரித்திரப் புத்தகங்கள் ராஜா பெயரையும் வருஷத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். சோற்றுக் கணக்கை இந்த ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறது. அதற்கு நான் மார்க் போடுவேன்.

இரண்டாம் நாள் பேரன் கேட்டான்: “தாத்தா, நம்ம ஊர்ல இந்த மாதிரி சண்டை நடந்திருக்கா? நடந்திருந்தா நம்ம கட்சி எது?” அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நடந்திருக்கிறது. இதே மலைக்கோட்டையைச் சுற்றி, 1751 முதல் 1754 வரை. கர்நாடகப் போர்கள் என்று ஒரு பக்கம் படித்தீர்களே, நான் நடத்தும்போது பாதிப் பேர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தீர்களே, அதுதான். 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் வந்து புகுந்தார். நவாப் பட்டம் தனக்கே என்றார் சந்தா சாகிபு. அவருக்குப் பின்னால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள், இவருக்குப் பின்னால் சென்னை ஆங்கிலேயர்கள். 1751-ல் சந்தா சாகிபு திருச்சியை முற்றுகையிட்டார். அந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் கிளைவ் போய் ஆற்காட்டைப் பிடித்தார்.

1752-ல் நிலைமை தலைகீழானது. தஞ்சாவூர், மைசூர், புதுக்கோட்டைத் தொண்டைமான், மராத்தியத் தலைவர் முராரி ராவ் எல்லாரும் முகம்மது அலி பக்கம் சேர்ந்தார்கள். லாரன்சும் கிளைவும் வந்ததும் பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போனார். ரங்கநாதர் கோயிலும் திருவானைக்காவல் கோயிலும் பாசறையாகிவிட்டன. கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் உட்கார்ந்து உணவு வரும் வழியை அடைத்தார். இரண்டு ஆற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட படை, ஜூன் மாதம் சரணடைந்தது. ஏறக்குறைய 800 ஐரோப்பியர்கள், 2,000 சிப்பாய்கள். உயிருக்கு உத்தரவாதம் என்று நம்பி தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் போன சந்தா சாகிபுவின் தலை வெட்டப்பட்டது.

பேரன் கேட்ட ‘கட்சி’யை இங்கே தேடிப் பாருங்கள். திருச்சியைத் தருகிறேன் என்று சொல்லி மைசூரை அழைத்தவர் முகம்மது அலி. ஜெயித்ததும் தர மறுத்தார். உடனே மைசூர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, ஸ்ரீரங்கத்தைப் பிடித்துக்கொண்டு, திருச்சியை மறுபடி முற்றுகையிட்டது. முராரி ராவும் கூடவே போனார். இதே முராரி ராவ் 1741 முதல் 1743 வரை திருச்சிக் கோட்டையை ஆண்டவர்! சமயபுரத்தில் கிளைவ் மீது இரவில் பாய்ந்த பிரெஞ்சுப் படையில், ஓடிப்போன ஆங்கிலச் சிப்பாய்கள் இருந்தார்கள். காவல்காரனிடம் ஆங்கிலத்தில் பேசித்தான் உள்ளே நுழைந்தார்கள். கல்ராடியாவில் ஒப்பந்தம் முடிந்ததும் ராஜாவை மாற்றுகிறான் பேரன். இங்கே நிஜமாகவே அப்படித்தான் நடந்தது.

கையில் ஒரு துப்பாக்கியோடு தொடங்கி மேலே ஏறிய கதையும் உண்டு. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான், ராமநாதபுரம் சீமையில் பிறந்து, கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்தவர். இந்தத் திருச்சி முற்றுகையில், எதிரிகளுக்கு நடுவே நெல்வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்துப் பெயர் எடுத்தார். சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானார், பிறகு மதுரையை ஆண்டார். கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்றபோது, 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். ஆட்டத்தில் தோற்றால் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

இனி சோற்றுக் கணக்கு. 1753-ல் திருச்சிக் கோட்டையைக் காத்தவர் கேப்டன் டால்டன். உள்ளே நிறைய நெல் இருக்கிறது என்று நவாபின் ஆட்கள் சொன்னதை நம்பியிருந்தார். திறந்து பார்த்தால் மூன்று வாரத்துக்குத்தான் காணும். அதற்காகவே லாரன்ஸ் ஓடி வந்தார். அந்த வருஷம் பொன்மலையில் நடந்த சண்டை, அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றே: உள்ளே நெல் வருமா, வராதா? தொண்டைமான் சீமையிலிருந்து காட்டு வழியாக, மாட்டு முதுகிலும் ஆள் தலையிலும் வந்தது அந்த நெல்.

ஆட்டத்தில் எனக்கு உறுத்திய இடமும் இதுதான். பேரன் எதிரி ராஜாவின் கிராமம் ஒன்றைக் கொள்ளையடித்தான். வீடுகள் எரிந்தன, ஆடுமாடு கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த வழியாகப் போனால் கிராமம் பழையபடி நிற்கிறது, ஆள் சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது.

நம் பக்கம் 1754 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். திருச்சிக்கு நெல் கொடுத்த குற்றத்துக்காகத் தொண்டைமான் சீமையை அழிக்கப் பிரெஞ்சு, மைசூர்ப் படை போனது. ஜனங்கள் ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு முன்னாடியே காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது வெறும் வீடுகள். அங்கிருந்து படை கோயிலடிக்குப் போனது. கல்லணைக்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறதே, அந்தக் கோயிலடி. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழாமல் தடுக்கும் கரையை அங்கே வெட்டிவிட்டார்கள். தஞ்சாவூர் ராஜாவை மிரட்ட அது ஒரு வழி. கரை காத்துக்கொடுத்த தண்ணீரில் நாற்று விட்டவன் எந்த நவாபுக்கும் ஓட்டுப் போட்டவன் அல்ல.

இந்தப் போரைப் பற்றி ராபர்ட் ஆர்ம் விரிவாக எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். நவாபு, துரை, தளபதி, துபாஷ் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. நெல் மூட்டையைத் தலையில் சுமந்தவருக்கும், காட்டில் கன்றுக்குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கும் பெயர் எங்கே?

அதனால் பேரனுக்கு நான் சொன்ன பதில்: “நவாபு நம்ம கட்சி இல்லை, கம்பெனியும் இல்லை, பிரெஞ்சுக்காரனும் இல்லை. காட்டுக்குள்ள மாட்டை ஓட்டிட்டுப் போனாங்களே, அவங்கதான் நம்ம கட்சி.”

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லா சரணடைந்தபோது, ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் காவலாக இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் மட்டும் வெளியே வர மறுத்தார்கள். மூன்றாவது மதிலுக்குள் யார் கால் வைத்தாலும் வெட்டுவோம் என்றார்கள் என ஆர்ம் எழுதுகிறார். ஜெயித்தவர்களும் அதை மதித்து, உள்ளே நுழைய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் கட்சி மாறிய அந்தப் போரில் ஓர் இடத்தில் ஒரு கோடு நின்றது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் இந்த மாதிரி ஆட்டம் விளையாடினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கிராமத்தை எரிக்கும்போது மட்டும் “அங்கே இருந்தவங்க எங்கே போனாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். திருச்சிக்கு வந்தால் மேலப்புலிவார்டு ரோட்டுக்கு அழைத்துப் போங்கள். கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துப் போட்ட ரோடு அது. பக்கத்திலேயே மெயின்கார்டு கேட் இன்னும் நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், கலகக் காலத்தில் ஊரைக் காலி செய்து போன கதை ஏதாவது உண்டா என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். புதுக்கோட்டை, கோயிலடி, லால்குடி பக்கத்துப் பிள்ளைகள் அவசியம் எழுத வேண்டும். இது வீட்டுப்பாடம்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் வாத்தியார்