மருந்தும் காப்புரிமையும்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுச் சட்டங்களைப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்குக் காப்புரிமை கிடையாது என்றது; நூறாண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் மருந்து தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. 2005-இல் அது மாறியது.

2011-இல் என்னோடு வேலை பார்த்த நண்பருக்குக் கல்லீரல் புற்றுநோய். டாக்டர் எழுதிக்கொடுத்த நெக்சவார் மாத்திரை மாதத்துக்கு 2,80,428 ரூபாய். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் ஓராண்டு ஓய்வூதியம் ஒரு மாத மருந்துக்குக்கூடக் காணாது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், அதே மருந்தைச் செய்ய ஹைதராபாத் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார். விலை 8,880 ரூபாய். பேப்பரில் படித்தேன். அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரமே நண்பர் காலமாகிவிட்டிருந்தார்.