போனவருக்கு ஒரு வரி, இருந்தவருக்கு ஓர் எண்

குடும்ப வரலாறு எழுதுவது இங்கே பெரும்பாலும் பழம்பெருமை பேசும் காரியமாகத்தான் நடந்து வந்திருக்கிறது. ஒரு செப்பேடு, கோயிலில் முதல் மரியாதை, நவாபு கொடுத்த மானியம் என்று சிலவற்றைக் கோத்தால் ஒரு வம்சாவளி தயார். இப்படிப்பட்ட வம்சாவளிக்கு ஆவணக் காப்பகம் தாராளமாகக் கைகொடுக்கும். ஆவணத்தை எழுதியவர்களும் அதில் எழுதப்பட்டவர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்கள் அல்லவா. 'நமக்கெல்லாம் ஏதுப்பா ஓலையும் கணக்கும்' என்று சொல்கிற வீட்டிலிருந்து ஒருவர் தன் பாட்டனைத் தேடிக் காப்பகத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வாலாஜாபாத் பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர், ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. கம்பெனிப் பட்டாளம் தண்டு இறங்கிய இடம். தறிச் சத்தமும் கேட்ட இடம். 1763இல் நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நான்கே ஆண்டில் கம்பெனி எண்ண ஆரம்பித்துவிட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு தலைமையில் சுமார் 2000 ஊர்களின் கணக்கு எடுக்கப்பட்டது. அதன் அடிப்படையான ஓலைகளில் கிடைத்தவை தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சுருக்கத்தைப் புரட்டினால் இன்ன ஊரில் பார்ப்பனர் வீடு இத்தனை, வேளாளர் வீடு இத்தனை, நெசவுக்காரர் வீடு இத்தனை, பறையர் வீடு இத்தனை என்று வரும். வீடு எண்ணப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் இருந்தவர் யார் என்பது அங்கே இல்லை.

அடுத்த நூறு வருஷத்தில் காகிதம் பெருகியது. மிராசுதாருக்குப் பங்கு, பட்டா, வழக்கு, மேல்முறையீடு என்று ஒவ்வொன்றிலும் பேரும் தகப்பன் பேரும் ஏறின. நெசவாளர் விஷயத்தில் அரசு எண்ணியது தறியை, வரி தறிக்குத்தான். அந்த மிராசுதாரின் நிலத்தை உழுத படியாளுக்கு இந்த இரண்டும் இல்லை. நிலம் இல்லாதவருக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாதவருக்குப் பேர் இல்லை. காப்பகத்தின் இலக்கணம் இவ்வளவுதான்.

இந்த இலக்கணம் ஓர் இடத்தில் தலைகீழாகிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல், சென்னையில் ஏற்றிய ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. 1911 வரை நேட்டாலுக்கு இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கூலிகளும் அதில் உண்டு. கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். ஊர்க் கணக்கில் தடமே இல்லாத பெண்ணுக்கும் அங்கே தனி வரி உண்டு. மொரீஷியசுக்குப் போனவர்களுக்கு 1860களிலிருந்து புகைப்படமும் சேர்ந்துகொண்டது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கிறது.

அக்கறையால் எழுதியதல்ல இது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கை முடிக்க வேண்டும். தழும்பு அதற்கான அடையாளம். சாமானியரின் வாழ்வு அதிகாரத்தோடு மோதுகிற கணத்தில்தான் எழுத்தில் ஒரு நொடி மின்னி மறைகிறது என்று 1977இல் ஃபூக்கோ எழுதினார். கப்பல் ஏறிய தம்பிக்கு ஒரு வரி கிடைத்தது அப்படித்தான். ஊரிலேயே இருந்து ஏர் பிடித்த அண்ணன் வெறும் எண்ணாகக் கரைந்துபோனான். இன்று டர்பனிலிருந்து வரும் கொள்ளுப்பேரனின் கையில் கிராமத்தின் பெயர் இருக்கிறது. அவன் வந்து நிற்கிற சேரியில் அவனுக்குக் காட்டக் காகிதம் இல்லை.

'போனால் போகட்டும், பேரைத் தெரிஞ்சு என்னாகப் போவுது?' என்று கேட்கலாம். இங்கேதான் குடும்ப வரலாறு அரசியலாகிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலத்துக்கு மூலம் இதுதான். பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. அந்த நிலங்கள் எப்படிப் போயின என்பது நமக்குத் தெரியும். காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு பாட்டன் பெயரும் ஒரு சர்வே நம்பரும் ஒரே காகிதத்தில் சேர்ந்து நிற்கிறதா என்பதில் உயிர் போகிற விஷயம் இருக்கிறது.

ஆகவே நம் தேடல் வேறுவிதமாகத் தொடங்க வேண்டும். முதலில் வீட்டுக் கிழவிகள். எந்த ஊரிலிருந்து வந்தோம், குலதெய்வம் எங்கே, எந்தப் பஞ்சத்தில் யார் கப்பலேறினார், எந்தக் கொல்லைக்கு என்ன பேர் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. கொல்லையின் பேர் கிடைத்தால் சர்வே நம்பரைப் பிடிக்கலாம். நம்பர் கிடைத்தால் கிராமத்து அ-பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கம் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகலாம். பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899லேயே சட்டம் வந்தது. கணக்கும் பதிவும் தலைமுறை தலைமுறையாகக் கர்ணம், முன்சீப் கையில் இருந்தன. அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. யாருடைய வீட்டுப் பரணில் எந்தக் கட்டு தூங்குகிறது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. நெசவாளர் வீடுகளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் ஏடும், கூலியும் முன்பணமும் குறித்த மாஸ்டர் வீவரின் நோட்டும் இன்னொரு காப்பகம்.

காப்பகத்தின் மௌனத்தை இயற்கையான வெற்றிடமாக எடுத்துக்கொள்வது அதை உண்டாக்கியவர்களுக்குத் துணைபோவதாகும். 'பறையர் வீடு இத்தனை' என்ற எண்ணும் ஒரு சாட்சியம்தான்: அத்தனை வீடுகள் அங்கே இருந்தன, ஊருக்கு உழைத்தன, அவற்றின் பெயர்கள் வேண்டாமென்று விடப்பட்டன. அந்த எண்ணுக்கு எதிரே பெயர்களை எழுத ஆரம்பிப்பதுதான் நம் குடும்ப வரலாறு. எழுதியதை ஒரு பிரதி எடுத்துத் தாலுகா ஆபீசில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.